மூட்டை விலையும் கால் கிலோ விலையும்: டிஜிட்டல் பாரத் நிதியின் நிர்வாகிக்கு ஒரு திறந்த மடல்

டிஜிட்டல் பாரத் நிதியின் நிர்வாகி அவர்களுக்கு, வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். 1997-இல் மஞ்சள் பலகை மாட்டி எஸ்.டி.டி. பூத்தாகத் தொடங்கிய கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசுகிறவரின் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும். பேச்சு எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் இருக்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன கணவனிடம் நலம் விசாரித்து முடிப்பதற்குள் காசு ஓடிவிடுமே என்ற பதற்றம். கூண்டைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருடம் ஆயிற்று. அந்தப் பார்வை மட்டும் இன்னும் கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்போது அது என் கணினித் திரையில் தெரியும் பேக் விலைகளின் மேல் நிற்கிறது.

சேவை எட்டாதவர்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டுசேர்க்க அரசு வைத்திருக்கும் நிதி உங்களுடையது. உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் என் கல்லாவில் விழும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில், அதாவது சில கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில், 8% உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. அந்த எட்டில் ஐந்து, அதாவது வருவாயின் 5%, உங்கள் நிதியின் பெயரில் வசூலாவது. நிறுவனம் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, ரீசார்ஜ் செய்கிறவர் கொடுத்ததிலிருந்துதான் கொடுக்கிறது. 299 ரூபாய்க்கு ஒருவர் ரீசார்ஜ் செய்தால் அதில் ஏறத்தாழ 45 ரூபாய் ஜி.எஸ்.டி. மீதியில் உங்கள் 5% என்று போட்டால் சுமார் 12 ரூபாய். பேக்கின் ஆயுள் 28 நாள். ஆகவே வருடத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை. ஒரு கூலித் தொழிலாளி ஒரு வருடத்தில் அரசுக்கு வரியாக 590 ரூபாயும், உங்கள் நிதிக்கு 150 ரூபாய்க்கு மேலும் என் கடை வழியாகக் கட்டுகிறார். அவருக்கு இது தெரியாது. எனக்கே மூன்று வருடத்துக்கு முன்புதான் தெரிந்தது.

இந்தப் பணத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் படித்துப் பார்த்தேன். கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடும் பாரத்நெட் 2011-இல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்றது; 2023 ஆகஸ்டில் அதன் திருத்திய வடிவத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்க 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய். இவை வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்லன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம், எந்தப் பாறை மேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்வார்கள். கம்பியும் கோபுரமும் அவர்களுக்கு வேண்டும்.

என் குறை வேறு. பணம் முழுவதும் கோபுரத்தின் கால்வரை வருகிறது, கோபுரத்தடியில் நிற்கிறவரின் கைக்கு வருவதில்லை. என் கடையிலிருந்து பார்த்தால் மூன்று கோபுரங்கள் தெரிகின்றன. கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு சிக்னல் ஐந்து கோடும் காட்டும், டேட்டா மட்டும் இருக்காது. வேலிடிட்டி முடிந்திருக்கும்.

கடையில் ஒரு கடன் நோட்டு இருக்கிறது. மளிகைக் கடையில் இருப்பது போலத்தான். முன்பெல்லாம் அதில் நாலைந்து பெயர்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் விலையை ஏற்றிய பிறகு, மாதத்துக்கு இரண்டு பக்கம் நிரம்புகிறது. வெளியூரிலிருந்து அழைப்பு வரும்: “அண்ணா, வீட்டு நம்பருக்குப் போட்டுவிடுங்கள், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அனுப்பிவிடுகிறேன்.” போட்டுவிடுவேன். பெரும்பாலும் வந்துவிடும். வராத கணக்குகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் கமிஷன் எவ்வளவு என்று தெரிந்தால் நீங்களே எனக்கு மானியம் கொடுக்க முன்வந்துவிடுவீர்கள்.

உடனே ஒரு பதில் வரும் என்பது தெரியும். உலகிலேயே டேட்டா மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் ஒன்று இந்தியா. உண்மைதான், ஒரு ஜிபி என்ன விலை என்று கேட்டால். ஆனால் என்னிடம் யாரும் ஒரு ஜிபி என்ன விலை என்று கேட்பதில்லை. “இருப்பதிலேயே குறைந்தது எவ்வளவு?” என்றுதான் கேட்கிறார்கள். மூட்டையாக வாங்கினால் எந்த அரிசிக்கும் கிலோ விலை குறையத்தான் செய்யும். கால் கிலோ வாங்க வந்தவரிடம் மூட்டையாகத்தான் தருவோம் என்று சொல்லிவிட்டு, எங்கள் அரிசியே ஊரில் மலிவு என்று பலகை வைப்பது என்ன நியாயம்?

கால் கிலோ ஒரு காலத்தில் கிடைத்தது. பத்து ரூபாய் டாப்-அப் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்திய நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கையில் காசு இல்லாவிட்டாலும் உள்ளே வரும் அழைப்பு நிற்காது. 2018 கடைசியில் பெரிய நிறுவனங்கள் சில, 28 நாளுக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய் கட்டாவிட்டால் இணைப்பு இல்லை என்ற முறையைக் கொண்டுவந்தன. 35 ரூபாய்க்கே கடை வாசலில் சண்டை நடந்தது. அந்தச் சண்டையை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதே வகைக் குறைந்தபட்ச பேக் 2024 ஜூலைக்குப் பிறகு 199 ரூபாய். ஆறு வருடத்துக்குள் ஐந்து மடங்குக்கு மேல். செங்கத்தில் கூலி ஐந்து மடங்கு ஏறவில்லை.

பேச்சு மட்டும் போதும் என்கிறவர்களுக்குத் தனி பேக் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அடுத்த மாதமே பேக்குகள் வந்தன: 84 நாள், நானூற்றுச் சொச்சம் ரூபாய். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவரிடம் இதை விளக்கினேன். நாள் கணக்குப் போட்டால் லாபம்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நானூறு ரூபாய் மொத்தமாகக் கையில் இருக்கிறவனுக்கு லாபம் பார்க்கத் தெரியாதா என்றார். வருட பேக்கும் அப்படித்தான். அந்த விலையேற்றத்துக்குப் பின் ஒரு நிறுவனத்தின் 3,599 ரூபாய் பேக், நாளுக்கு இரண்டரை ஜிபி, ஒரு நாளைக்கு 10 ரூபாய்க்குள் அடங்கியது. அதே நிறுவனத்தின் 349 ரூபாய் பேக், நாளுக்கு இரண்டு ஜிபி, 28 நாள்; ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய். அதிகமாகக் கொடுத்துக் குறைவாக வாங்குகிறவர் யார் என்று என் நோட்டைப் பார்த்தால் தெரியும்.

சரி, முடியாவிட்டால் ரீசார்ஜ் செய்யாமல் இருக்கட்டும் என்று சொல்லலாம். இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிற அம்மா. அறுபது வயதை ஒட்டி இருக்கும். கொஞ்சம் நிலம், நான்கு ஆடு, பட்டன் போன். கேரளாவில் வேலை பார்த்த மகன் அங்கிருந்தே ரீசார்ஜ் செய்துவந்தான். அவனுக்குக் கையில் அடிபட்டு வேலை நின்றது. அம்மாவின் போனுக்குப் பணம் போடுவதும் நின்றது. அழைப்புகள் ஓய்ந்தன. அது ஒரு பெரிய விஷயமாக அவருக்குப் படவில்லை, பக்கத்து வீட்டுப் போனில் மகனுடன் பேசிக்கொண்டார். 90 நாள் பயன்படுத்தாத, கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாத சிம்மைத் துண்டிக்க நிறுவனத்துக்கு விதியில் இடம் உண்டு. துண்டித்தார்கள். இன்னும் சில மாதங்கள் கழித்து அந்த எண் வேறு ஒருவருக்குப் போயிற்று.

அந்த எண்தான் அவருடைய ஆதாரில் இருந்தது. வங்கிக் கணக்கில் இருந்தது. விவசாயிகளுக்கான உதவித்தொகைப் பதிவில் இருந்தது. குடும்ப அட்டையிலும் அதுவே. ஓடிபி வரவில்லை என்று என் கடைக்கு வந்தார். நான் அவரை ஆதார் மையத்துக்கு அனுப்பினேன். அதற்கு முன் புது சிம் வாங்கச் சொன்னேன். சிம்முக்கு ரேகை வைக்கச் சொன்னார்கள். ஆடு மேய்த்து, களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை மூன்றாவது நாள்தான் விழுந்தது. பிறகு வங்கி. வங்கியில் படிவம், படிவத்துக்குப் புகைப்படம், புகைப்படத்துக்கு மறுபடி என் கடை. ஐந்து வாரம். பஸ் செலவையும் விட்டுப்போன கூலியையும் கூட்டிப் பார்த்தோம். ஒரு வருட ரீசார்ஜைவிட அதிகம். அவர் வாழ்நாளில் இணையம் பார்த்தவர் அல்லர். ஆனால் அவர் பணம் வருகிற வழி முழுவதும் இணையம்தான். அந்த வழியைத் திறந்து வைப்பதற்கு 28 நாளுக்கு ஒருமுறை சுங்கம் கட்ட வேண்டியிருக்கிறது.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்லர், அரசுதான். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலியில் வருகைப்பதிவு கட்டாயமாயிற்று. வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றுவதற்கான டேட்டாவை யார் கொடுப்பது என்பது பற்றி எங்கள் பக்கத்துப் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களும் என் நோட்டில் இருக்கிறார்கள். கல்லூரி உதவித்தொகை, பட்டா நகல், டி.என்.பி.எஸ்.சி. பதிவு, வருங்கால வைப்புநிதி, எல்லாமே திரை வழியாகத்தான். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தைக் கல்வி உரிமையின் பகுதி என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியது. உரிமை என்று நீதிமன்றம் சொல்லும் பொருளுக்கு 18% ஜி.எஸ்.டி. போடுகிறோம், இந்த முரண் உங்கள் துறையைச் சேர்ந்தது அல்ல என்பதால் அதை இங்கேயே விடுகிறேன்.

உங்கள் துறையைச் சேர்ந்தது இது. உங்கள் நிதிக்கு இதைச் செய்ய அதிகாரம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதியை டிஜிட்டல் பாரத் நிதியாக மாற்றியபோது, சேவை குறைந்த கிராமங்களோடும் தொலைதூர இடங்களோடும் நகரப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வந்த விதிகளில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் நலிந்தவர்கள் என்று ஆட்களையே குறிப்பிட்டிருக்கிறீர்கள். இடத்துக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் கொடுக்கலாம் என்பதே அதன் பொருள்.

அது புதிய பழக்கமும் அல்ல. 2002-இல் நிதி தொடங்கியபோது முதலில் கைகொடுத்தது கிராமப் பொதுத் தொலைபேசிகளை நடத்தும் செலவுக்கு. கம்பத்தை நட்டுவிட்டு வந்துவிடவில்லை. அது தொடர்ந்து ஓடுவதற்குப் பணம் கொடுத்தீர்கள். 2009-இல் பி.எஸ்.என்.எல்.லுடன் ஒப்பந்தம் போட்டுக் கிராமத்துப் பிராட்பேண்ட் இணைப்புகளுக்கு மானியம் தந்தீர்கள். பிறகு எப்போது இந்தக் கை மூடியது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காக்காரர்கள் இதில் ஒரு பாடம் படித்திருக்கிறார்கள். கோவிட் காலத்தில் அவசர உதவியாகத் தொடங்கியதை 2021 கடைசியில் 1,420 கோடி டாலர் ஒதுக்கித் தொடர் திட்டமாக்கினார்கள். ஏழைக் குடும்பத்தின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை கழிவு. 2.3 கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் சேர்ந்தன. பணம் தீர்ந்தது, நாடாளுமன்றம் மேற்கொண்டு ஒதுக்கவில்லை, 2024 ஜூன் 1-இல் திட்டம் முடிந்தது. ஆனால் அதே நாட்டில் 1985-இல் தொலைபேசிக்காகத் தொடங்கி 2016-இல் இணையத்தையும் சேர்த்துக்கொண்ட லைஃப்லைன் இன்னும் ஓடுகிறது. மாதம் 9.25 டாலர்தான், சின்னத் தொகை. அது ஓடக் காரணம், அதற்கான பணம் நிறுவனங்களிடம் தொடர்ந்து வசூலாகும் தீர்வையிலிருந்து வருகிறது. நம்மிடம் அந்தத் தீர்வை இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. கிணறு வெட்டிய பிறகும் வாளி மட்டும் வாங்காமல் இருக்கிறோம்.

தமிழ்நாட்டு அரசுக்கும் இதில் பழக்கம் உண்டு. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது இந்த ஊரில் அது பேச்சாக இருந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவித்தார்கள். நான்கு மாதம்! தேர்தல் முடிந்தது, கார்டும் முடிந்தது. பக்கத்துக் கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு இணையச் சேவையைத் தொடங்கி 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றது. முதலில் எடுத்துக்கொண்டது தொகுதிக்கு 100 வீடு, ஆக 14,000. வேகம் போதாது என்று அங்கேயும் குறை இருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக்கு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

இனி என் கோரிக்கை. மிக ஏழைக் குடும்பங்களுக்கான ரேஷன் அட்டையான அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஒரு எண்ணுக்கு மட்டும், 28 நாளுக்கு 100 ரூபாய் கழிவு. எந்த நிறுவனமானாலும், எந்த பேக்கானாலும். அந்தியோதயா திட்டத்தின் இலக்கு நாடு முழுவதும் இரண்டரைக் கோடிக் குடும்பங்கள். எல்லோரும் 13 முறையும் வாங்கினால்கூட வருடத்துக்கு 3,250 கோடி ரூபாய். மேலே சொன்ன பாரத்நெட் தொகையில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. ரேஷன் அட்டையில் ஏற்கெனவே செல்போன் எண் பதிவாகியிருக்கும் ஊர்களில், புதிதாகப் பட்டியல் எடுக்கக்கூட வேண்டாம்.

பணத்தை வங்கிக் கணக்கில் போடாதீர்கள். சமையல் காஸ் மானியம் கணக்கில் வருகிறது என்றார்கள். 2020-க்குப் பிறகு எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு அது வந்ததா, எவ்வளவு வந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. கடையில் ரீசார்ஜ் போடும்போதே 199 என்பது 99 ஆகத் தெரிய வேண்டும். அப்போதுதான் ஒரு மாதம் அது வராமல் போனால் மக்கள் என் கடை வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ள நான் தயார், எனக்குப் பழக்கம்தான்.

ஏமாற்று நடக்குமே என்பீர்கள். நடக்கும். எங்கள் தொழிலிலும் திருடர்கள் உண்டு. ஒரே ரேகையை இரண்டு முறை வைக்கச் சொல்லி இரண்டு சிம் எடுத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெரிய இடத்திலும் நடக்கும்: அமெரிக்காவில் யாரும் பயன்படுத்தாத இணைப்புகளுக்கு லைஃப்லைன் மானியம் வாங்கியதற்காக ஒரு நிறுவனம் 2020-இல் 20 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. எனவே உண்மையில் பயன்பாட்டில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் நிறுவனத்துக்குப் பணம் கொடுங்கள், மாதம் முடிந்த பிறகு கொடுங்கள்.

இலவசமாகக் கொடுத்தால் ரீல்ஸ் பார்ப்பார்கள் என்று சொல்கிறவர்களும் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். பார்ப்பார்கள். என் மகன் பார்க்கிறான், நான் பார்க்கிறேன், கூட்டத்தில் அப்படிச் சொன்னவர் வீட்டுக்குப் போகும் வழியில் பார்ப்பார். ரேஷன் அரிசியில் மாவாட்டித் தோசை சுடுகிறார்களா என்று எந்த அதிகாரியும் சமையலறைக்கு வந்து பார்த்ததில்லை.

இதற்குள் இன்னொன்று. மானியம் தர முடிவெடுக்கக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை ஒன்று மட்டும் செய்யுங்கள். இதற்கு ஒரு ரூபாயும் ஆகாது, ட்ராயிடம் பேசினால் போதும். அரசு நலத்திட்டம் எதிலாவது பதிவான எண்ணை 90 நாளில் துண்டிக்கக் கூடாது. குறைந்தது ஒரு வருடம் ஓடிபி மட்டுமாவது வந்துகொண்டிருக்கட்டும்.

முன்பு சொன்ன அந்த அம்மாவின் பழைய எண் என் கணினியில் இன்னும் இருந்தது. போன வாரம் அதற்கு அழைத்துப் பார்த்தேன். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் எடுத்தார். மரியாதையாகப் பேசினார். யாருக்கோ வரும் வங்கிச் செய்திகள் அவருக்கு வந்துகொண்டே இருந்தனவாம்; யாருடையது என்று தெரியாததால் அழித்துவிட்டதாகச் சொன்னார். ஒருமுறை இரண்டாயிரம் ரூபாய் வரவு என்று வந்ததாம். எந்தத் தேதியில் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

இப்படிக்கு,
செங்கத்திலிருந்து ஒரு ரீசார்ஜ் கடைக்காரர்